மருமகனின் விசா மறுப்பும் 40 சென்ட் தோட்டமும்

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, நீளத்தையும் குறைத்திருக்கிறேன். கேள்விகள் அவருடையவை.

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். நாங்கள் 1982-ல் சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சேர்த்த காசில் 40 சென்ட் தேயிலை வாங்கியிருக்கிறேன், பட்டா என் பேரில். அப்பாவின் இந்திய பாஸ்போர்ட்டில் என் தங்கச்சி பேரும் இருந்தது. ஆனால் அவள் கல்யாணம் முடித்து வவுனியாவிலேயே தங்கிவிட்டாள். அவள் மகன், என் மருமகன், 2019-ல் படிப்பு விசாவில் மெல்போர்ன் போனான். 2021-ல் அங்கே பாதுகாப்பு விசாவுக்கு, அதாவது அகதியாக அடைக்கலம் கேட்டு, மனுப் போட்டான். அமைச்சகம் மறுத்தது. அதன்மேல் அப்பீல் கேட்கும் தீர்ப்பாயமும் மார்ச் 4-ஆம் தேதி மறுத்துவிட்டது. மின்னஞ்சலை அவன் 13-ஆம் தேதிதான் பார்த்தானாம். அங்கே ஒரு ஏஜென்ட், 'சுப்ரீம் கோர்ட்டில் கேஸ் போட்டால் விசா வாங்கிவிடலாம், 12 லட்சம் ஆகும்' என்கிறார். போலீஸ் அவனைத் தேடி வந்ததை நான் கண்ணால் பார்த்ததாக நோட்டரியிடம் அபிடவிட் எழுதி அனுப்பச் சொல்கிறார். நான் வவுனியா பக்கம் போயே 10 வருஷம் ஆகிறது. தோட்டத்தை விற்கலாமா? அபிடவிட் கொடுக்கலாமா? எங்கம்மாவுக்கு 84 வயது, பேரனை ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்கிறார். வரலாமா? தீர்ப்பின் இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்."

அண்ணா, வணக்கம். முதலில் தேதியைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் பிறகு.

மருமகன் 13-ஆம் தேதியிலிருந்து 35 நாள் எண்ணி, ஏப்ரல் 17 வரை நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். இல்லை. ஆஸ்திரேலியாவின் 1958-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம், 477-ஆம் பிரிவில், தீர்ப்பாயத்தின் முடிவு தேதியிலிருந்து 35 நாளுக்குள் கோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்கிறது. மின்னஞ்சலை எப்போது திறந்தான், யார் படித்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. மார்ச் 4-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 8. நான் இதை எழுதுவது மார்ச் 22. கையில் 17 நாள்தான் இருக்கிறது, அதில் மூன்று வாரக் கடைசிகள். ஆகவே இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன்பே உங்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும்தான்.

35 நாள் தாண்டிவிட்டால் கதவு அடைபட்டுவிடுமா என்றால், முழுசாக இல்லை. ஏன் தாமதம், நேரத்தை நீட்டினால்தான் நியாயம் நடக்கும் என்று ஏன் சொல்கிறோம் என்பதை எழுத்தில் கொடுத்து நீட்டிப்புக் கேட்கலாம். நீதிபதி இரண்டைப் பார்ப்பார்: தாமதத்துக்கான காரணம், உள்ளே வழக்கில் சரக்கு இருக்கிறதா என்பது. ஆனால் நீட்டிப்பை மறுத்துவிட்டால் அந்த மறுப்பின்மேல் வழக்கமான அப்பீல் கிடையாது. மழைக்கு முன்னே கூரை போடுவதை விட்டு, நனைந்த பிறகு ஏன் ஓலை தேட வேண்டும்?

என்னைப் பற்றி ஒரு வரி. மெல்போர்னில் அகதி வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் 9 ஆண்டு இருந்தேன். குன்னூருக்குத் திரும்பிய பிறகு அங்குள்ள வக்கீல் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அதனால் இது வழிகாட்டல்தான். வழக்கை எடுத்து நடத்த அங்கே உரிமம் உள்ள வக்கீல் வேண்டும்.

அடுத்தது அந்த 'சுப்ரீம் கோர்ட்'. நம் ஊரில் ஹைகோர்ட்டுக்கு மேலே சுப்ரீம் கோர்ட். ஆஸ்திரேலியாவில் தலைகீழ்: சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுடையது, ஹைகோர்ட்தான் நாட்டின் உச்சி. உங்கள் மருமகனின் மனு இந்த இரண்டுக்கும் போகாது. ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட் என்று ஒன்று இருக்கிறது, அதன் இரண்டாம் பிரிவுக்குப் போகும். பேரில் ஃபேமிலி இருப்பதால் விவாகரத்துக் கோர்ட் என்று பயந்துவிடாதீர்கள். விசா வழக்குகளும் அங்கேதான். இந்தப் பேரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் 12 லட்சம் கேட்கிறார். விசா முகவர் அரசுப் பதிவு பெற்றவராகவே இருக்கட்டும், வக்கீலாக இல்லாவிட்டால் கோர்ட்டில் அவனுக்காக நிற்க முடியாது. அவரிடம் உங்கள் மருமகன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நீங்கள் வக்கீலா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்க ஒரே எண்ணம் ஓடுகிறது: பையனுக்கு ஆபத்து இருப்பதைக் கோர்ட்டுக்குப் புரியவைத்துவிட்டால் விசா கிடைத்துவிடும், அதற்கு இன்னும் நாலு சாட்சி வேண்டும். எல்லாக் குடும்பமும் இப்படித்தான் நினைக்கிறது. கோர்ட்டின் வேலை அது இல்லை.

கோத்தகிரி தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ஹைகோர்ட்டில் ரிட் போடுகிறோம். ஜட்ஜ் அங்கேயே பட்டா எழுதிக் கொடுக்கிறாரா? மாட்டார். "மனுதாரரைக் கேட்காமல் முடிவு எடுத்திருக்கிறீர்கள், உத்தரவு ரத்து, இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி மறுபடி விசாரியுங்கள்" என்று திருப்பி அனுப்புவார். தாசில்தார் மறுபடி விசாரித்து மறுபடியும் இல்லை என்று சொல்லலாம். அது உங்களுக்கே தெரியும், இந்த மலையில் நிலம் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். மெல்போர்னில் நடப்பதும் அச்சாக இதேதான். ஜெயித்தால் தீர்ப்பாயத்தின் முடிவு ரத்தாகும், வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பும், பெரும்பாலும் வேறொரு உறுப்பினர் விசாரிப்பார். விசாவை கோர்ட் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது.

இன்னும் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன். இலை ஷெட்டில் கொழுந்து போடுகிறீர்கள். சீட்டில் எடை குறைந்து வருகிறது. கோர்ட் உங்கள் மூட்டையை மறுபடி எடை போடாது, இலை நயமா கரட்டா, அதாவது இளசா முற்றலா என்றும் பார்க்காது. தராசில் முத்திரை இருந்ததா, மூன்று மூட்டை கொண்டுவந்தவருக்கு இரண்டை மட்டும் எடை போட்டு எழுதினார்களா, ஈரக் கழிவு இத்தனை என்று பிடித்ததை உங்களிடம் சொன்னார்களா, இவ்வளவுதான் கேட்கும். தராசு சரி, மூன்று மூட்டையும் ஏறியது, ஆனாலும் எடை குறைவு என்றால் கோர்ட்டுக்கு அங்கே வேலை இல்லை.

வக்கீல்கள் இதை அதிகார வரம்புப் பிழை என்பார்கள். தீர்ப்பாயம் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் நின்று முடிவெடுத்ததா என்பது கேள்வி. அந்த நாட்டுப் பாராளுமன்றம் 2001-ல் இந்தக் கதவையே சாத்தப் பார்த்தது. 2003 பிப்ரவரியில் ஹைகோர்ட், சட்டத்துக்கு வெளியே போய் எடுத்த முடிவு அந்தச் சட்டத்தின்கீழ் எடுத்த முடிவே ஆகாது, அதை யாரும் கோர்ட்டுக்கு மறைத்து வைக்க முடியாது என்று சொன்னது. அந்தச் சந்து வழியாகத்தான் இன்று வரை எல்லாரும் உள்ளே போகிறார்கள்.

ஆகவே அபிடவிட் வேண்டாம், அண்ணா. தீர்ப்பாயத்தின் முன்பு இல்லாத புதுச் சாட்சியத்தை வைத்து, ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று கோர்ட் முடிவு செய்யப்போவதில்லை. ஆக அது பயன்படாது. பயன்படாததோடு போனால் பரவாயில்லை. கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவது இங்கேயே குற்றம். நாளைக்கு வழக்கு தீர்ப்பாயத்துக்குத் திரும்பி, அந்தக் காகிதமும் அங்கே போய், "நீங்கள் அந்த நாளில் வவுனியாவில்தான் இருந்தீர்களா, பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்" என்று உங்களைப் போனில் ஒரு கேள்வி கேட்டால், உங்கள் பொய் அவன் சொன்ன உண்மையையும் சேர்த்து விழுங்கிவிடும். நான் இருந்த 9 ஆண்டில், இப்படிப் பாசத்தில் எழுதிய கடிதங்களால் கெட்ட வழக்குகளைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

சரி, இனி நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கம். போட்டோ கொஞ்சம் மங்கல்தான். 41-ஆம் பத்தியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தீர்ப்பாயம் சொல்வதைத் தமிழில் தருகிறேன்: விண்ணப்பதாரர் எழுத்து வாக்குமூலத்தில், 2018-ல் 4 நாள் தன்னைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்கிறார். விசாரணையிலோ 4 நாள் போராட்டம் ஒன்றில் இருந்ததாகச் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். அதற்கடுத்த பத்தியில், இந்த முரணை வைத்து, அவனைப் பிடித்து வைத்ததே நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஜெயிலை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? இன்றைக்கும் உங்கள் அம்மா என்ன சொல்வார்? மறியல். "அவரு ரெண்டு வருசம் மறியல்ல கிடந்தாரு." இலங்கைப் பத்திரிகைகளில் விளக்கமறியல் என்றால் ரிமாண்ட். வவுனியாவில் வளர்ந்த பையன் "நாலு நாள் மறியல்ல இருந்தன்" என்று சொல்லியிருந்தால், அவன் சொன்னது காவலில் இருந்ததை. அதையே கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வளர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்டால்? கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மறியல் என்றால் பசுந்தேயிலைக்கு விலை கேட்டு ரோட்டில் உட்காருவது. நாலு நாள் மறியலில் இருந்தான் என்றால் நாலு நாள் போராட்டத்தில் இருந்தான். ஒரே சொல், கடல் நடுவில் கிடப்பதால் இரண்டு அர்த்தம்.

இது என் ஊகம்தான். அவன் உண்மையிலேயே போராட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம். வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017-லிருந்து தொடர்ந்து போராடியவர்கள், உங்கள் தங்கச்சியும் அங்கே போனதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் ஒன்றை விட்டிருக்கவும் கூடும். ஊகத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு போகலாம்.

தீர்ப்பாய விசாரணை முழுதும் பதிவாகும். விண்ணப்பதாரர் கேட்டால் பிரதி கொடுப்பார்கள். மருமகன் இன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் கேட்கட்டும். வந்ததும் அவனும் நீங்களும் தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு இரண்டு கரைத் தமிழும் காதில் இருக்கிறது, 12 லட்சத்தைவிட அதுதான் அவனுக்கு இப்போது உபயோகம். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடி என்று பக்கத்தில் குறியுங்கள். திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள், "இதைத்தான் சொல்ல வந்தான்" என்று ஒட்டாதீர்கள். ஆங்கிலத்தில் என்ன போனது என்பதை அவன் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். இது வக்கீலுக்கு இடம் காட்டத்தான். கோர்ட்டில் வைப்பதற்கு, அங்கே நாட்டி என்று சொல்லப்படும் அமைப்பின் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தப் பகுதியை மறுபடி மொழிபெயர்த்து அபிடவிட் போட வேண்டும். அபிடவிட் வேண்டுமென்றால் அதுதான் வேண்டும், உங்களுடையது இல்லை.

மொழிபெயர்ப்பில் பிழை இருந்தாலே ஜெயம் என்று நினைத்துவிடக் கூடாது. 1999-ல் பெரேரா என்ற இலங்கையர் ஒருவரின் வழக்கில், மொழிபெயர்ப்பு மோசமாக இருந்ததால் அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை என்று ஃபெடரல் கோர்ட் முடிவு செய்தது. அப்போதிருந்து எல்லா வழக்கிலும் கேட்கப்படுவது: பிழை இருந்தது சரி, அது முடிவைத் தொட்டதா? இந்த வழக்கில் 42-ஆம் பத்தி அந்த ஒரு முரணின் மேலேயே நிற்கிறது, அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2024-ல் ஹைகோர்ட் சொன்னதும் இங்கே துணைக்கு வரும். பிழை நடக்காவிட்டால் முடிவு கட்டாயம் மாறியிருக்கும் என்று காட்ட வேண்டியதில்லை. மாறியிருக்க நடைமுறையில் வாய்ப்பு இருந்தது என்று காட்டினால் போதும்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். "உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமே, மெல்போர்னில் படித்தீர்களே, தப்பாகப் போனபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்பார். பதிலை அவன் இப்போதே யோசித்து, உள்ளதை உள்ளபடி வக்கீலிடம் சொல்ல வேண்டும். கணக்கியல் படித்த ஆங்கிலம் ஒன்று. எதிரே ஒருவர் உன் வாழ்க்கையை நம்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் மளமளவென்று பேசிக்கொண்டே போக, அதில் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்துவது வேறு.

மற்றபடி அந்தத் தீர்ப்பில் எதைத் தேடலாம், எதைத் தேடிப் பயனில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் மனுவில் பயத்துக்கு எத்தனை காரணம் சொன்னான் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவைக் கொண்டுபோனது ஒன்று, அவனைப் பிடித்து வைத்தது ஒன்று, மெல்போர்னில் நினைவேந்தல் கூட்டங்களுக்குப் போனது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பாயம் எந்தப் பத்தியில் பதில் சொல்லியிருக்கிறது என்று பக்கத்தில் எண் போடட்டும். ஒன்றுக்கு எதிரே இடம் காலியாக நின்றால் அது எடை போடாத மூட்டை. 2003-ல் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் வழக்கில் ஹைகோர்ட் இதையே பெரிய பிழை என்றது. சரியான அளவுகோலை வைத்தார்களா என்பதும் உண்டு. கட்டாயம் துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நேர உண்மையான வாய்ப்பு இருந்தால் போதும், அது நூற்றுக்கு ஐம்பதுக்கும் கீழே இருக்கலாம் என்பது 1989-லிருந்து நிற்கும் விதி. அதைவிட உயரமான கம்பை வைத்து அவனைத் தாண்டச் சொல்லியிருக்கிறார்களா என்று வக்கீல் பார்ப்பார்.

பயனில்லாதவை: "2019-ல் சொந்த பாஸ்போர்ட்டில் கட்டுநாயக்கா வழியாகத் தடையில்லாமல் வந்தாய், அப்படியானால் உன்னை யாரும் தேடவில்லை" என்று எழுதியிருப்பது. "வந்து இரண்டு வருஷம் கழித்து ஏன் மனுப் போட்டாய்" என்று சந்தேகப்பட்டிருப்பது. ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையின் நாட்டு அறிக்கையை நம்பி, வேறு அறிக்கைகளை ஒதுக்கியது. எனக்கும் இதில் சிலதைப் படித்தால் எரிச்சல் வரும். ஆனால் இதெல்லாம் இலை நயமா கரட்டா என்கிற பேச்சு. இதைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எதிர்த்தரப்பின் செலவையும் தலையில் சுமந்து திரும்பியிருக்கிறார்கள்.

செலவு என்றதும் தோட்டம். விற்காதீர்கள், அடமானமும் வைக்காதீர்கள், குறைந்தபட்சம் ஒரு வக்கீல் அந்தத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, இன்ன பிழை இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் வரைக்கும். மனுக் கட்டணம் சில ஆயிரம் டாலர். வருமானம் இல்லாதவர்கள் கஷ்டத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். தோற்றால் எதிர்த்தரப்பான அமைச்சரின் வக்கீல் செலவையும் அவனே கட்ட வேண்டிவரும், அதுவும் ஆயிரக்கணக்கான டாலர். கட்டாமல் விட்டால் அரசுக்குக் கடன்காரன், பின்னாளில் வேறு விசா கேட்கும்போது குறுக்கே வரும். அந்த 12 லட்சத்தில் இதெல்லாம் அடக்கமா என்று ஏஜென்ட் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெல்ல நியாயமான வாய்ப்பே இல்லாத விசா வழக்கைப் போடச் சொல்லி ஒருவரைத் தூண்டுவதை அந்தச் சட்டமே தடுக்கிறது, தூண்டியவரையே செலவு கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவிடலாம். வக்கீல் மனுப் போட்டால், இதில் சரக்கு இருக்கிறது என்று தன் கையெழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். ஆகவே நல்ல வக்கீல் "இல்லை" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். படிக்காமலே "ஆகும்" என்று சொல்பவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

மெல்போர்னில் ரெஃப்யூஜி லீகல், அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர், விக்டோரியா லீகல் எய்ட் என்று இலவசமாகப் பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. எல்லா வழக்கையும் எடுக்க மாட்டார்கள், கூட்டம் அதிகம். ஆனால் "என் 35-ஆம் நாள் ஏப்ரல் 8, மொழிபெயர்ப்புப் பிழை இருக்கலாம், 41-ஆம் பத்தி" என்று மூன்று வரியில் எழுதி, தீர்ப்பை இணைத்து அனுப்புகிறவனின் கடிதம் மேலே வரும். "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று இரண்டு பக்கம் எழுதுவது கீழே போகும். மூன்று இடத்துக்கும் திங்கட்கிழமை காலையே போகட்டும்.

ஏப்ரல் 4-ஆம் தேதி வரைக்கும் வக்கீல் அமையவில்லையா, அவனே மனுப் போடலாம். கோர்ட்டின் விசா மனுப் படிவம் ஒன்று, தீர்ப்பை இணைத்த அவனுடைய அபிடவிட் ஒன்று. காரணங்கள் பகுதியில் "தீர்ப்பாயம் அநியாயம் செய்தது" என்று எழுதினால் அது காரணம் ஆகாது. மொழிபெயர்ப்புத் தவறால் தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை, 41, 42-ஆம் பத்திகள், என்று நேராக எழுதட்டும். பிறகு வக்கீல் வந்து திருத்திய மனு போட வழி உண்டு. ஆன்லைனில் போடுவதைக் கடைசி நாள் சாயங்காலத்துக்குத் தள்ள வேண்டாம். அலுவலக நேரம் முடிந்து போனது மறுநாள் கணக்கில் விழுந்தால் இத்தனை பாடும் வீண்.

தங்கச்சி பயப்படுவார் இல்லையா, பேர் வெளியே வந்துவிடுமோ என்று? வராது. பாதுகாப்பு விசா கேட்டவர் பேரை கோர்ட் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தீர்ப்பில் அவன் பேருக்குப் பதில் சில எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறிதான் இருக்கும். பேர் வெளியே வருவது பெரும்பாலும் நம் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழு வழியாகத்தான். அந்த இரண்டு பக்கப் போட்டோவை எந்தக் குழுவிலாவது போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், பேர் தெரிகிறது.

அம்மாவின் ஆசை. அவன் இப்போது நிற்பது பிரிட்ஜிங் விசாவில், அதாவது முடிவு வரும்வரை அங்கே தங்கவிடும் தற்காலிக விசாவில். சாதாரண பிரிட்ஜிங் விசாவோடு நாட்டை விட்டுக் கிளம்பினால் அதைக் காட்டித் திரும்பி உள்ளே போக முடியாது. போய்வர அனுமதிக்கும் வேறொரு வகை உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்பதெல்லாம் கிடைப்பதும் இல்லை. இந்த வழக்கு நடக்கும்போது கோத்தகிரிக்கு வர வேண்டாம். தினமும் வீடியோவில் பாட்டியிடம் பேசட்டும். கூடவே ஒன்று: கோர்ட்டில் மனுப் போட்டதும் பிரிட்ஜிங் விசா தானாக நீளாது. மனு நகலை வைத்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பழையது உயிரோடு இருக்கும்போதே. பழையதும் தீர்ப்பாய முடிவிலிருந்து 35 நாளில்தான் முடிகிறது, அதே ஏப்ரல் 8. வேலை செய்யும் அனுமதி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கலாம், அதுவரை வாடகை கட்ட வேண்டுமே.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. அப்பாவின் இந்திய பாஸ்போர்ட்டில் தங்கச்சி பேரும் இருந்தது என்று. இது சாதாரண வரி இல்லை. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எண்ணப்பட்ட கூட்டத்தில் உங்கள் குடும்பமும் உண்டு. அவன் அம்மாவுக்கு இந்தியக் குடியுரிமை பதிவானதா, ஆனபின் இலங்கைக் குடியுரிமை வாங்கினாரா, அவன் பிறந்த ஆண்டில் நிலை என்ன என்பதையெல்லாம் வைத்துத்தான் அவனுக்கு இந்தியாவில் ஏதாவது உரிமை உண்டா என்று சொல்ல முடியும். வேறொரு நாட்டுக்குள் போய் வாழ உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தப் பார்க்காதவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் கடமை தனக்கு இல்லை என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்கிறது. மறைக்கச் சொல்லவில்லை, மறைத்தால் பிறகு அதுவே பெரிய பொய்யாகிவிடும். வக்கீலிடம் முதல் நாளே சொல்லட்டும், அந்தப் பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். "எங்கள் வீட்டில் வந்து இருக்கலாம், நாங்கள் இந்தியர்கள்தான்" என்று பாசத்தில் நீங்களாக எங்கேயும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

வக்கீல் படித்துப் பார்த்துப் பிழை இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருந்துகொண்டே இரண்டாம் முறை பாதுகாப்பு விசாவுக்கு மனுப் போடச் சட்டம் விடாது, அமைச்சர் தடையை நீக்கினால் ஒழிய. அமைச்சரிடம் கருணை மனு போடலாம். அவர் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏஜென்ட்கள் இதையும் விலை சொல்லி விற்பார்கள். கோர்ட்டில் தோற்றால் 28 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டுக்கு அப்பீல் உண்டு, ஆனால் அதை இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் ஒலிப்பதிவு வரட்டும்.

வந்ததும், வாடைக்காற்று அடிக்காத அறையாகப் பார்த்து, காதில் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். 41-ஆம் பத்தியில் வரும் கேள்வி எந்த இடத்தில் கேட்கப்பட்டது என்று மருமகனுக்கு நினைவிருக்கும், அங்கிருந்து தொடங்கினால் போதும். மறியல் என்ற சொல் அவன் வாயிலிருந்து வருகிறதா, எத்தனையாவது நிமிடம், அன்றைக்கே எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். நோட்டரிக்காக வாங்கிய முத்திரைத்தாளில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்றீர்கள், நல்லது, அப்படியே இருக்கட்டும்.